உங்கள் கிளினிக்கின் தடுப்பூசிக் கணக்கை எடுப்பது எப்படி

குழந்தைகள் கிளினிக் நடத்தும் யாரிடமாவது "உங்களிடம் வருகிற ரெண்டு வயசுக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு ஊசி முழுசாகப் போட்டாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "கிட்டத்தட்ட எல்லாருக்கும்" என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊசி போட வந்த குழந்தை கண்ணில் படுகிறது, வராத குழந்தை படுவதில்லை, அதனால் மனக்கணக்கில் நமக்கு நாமே எப்போதும் நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் சிஸ்டரும் உட்கார்ந்து கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் தவறாமல் வந்துகொண்டிருந்த குழந்தைகளே ஒன்றரை வயசு பூஸ்டர் போடாமல் இருந்தார்கள், அதில் ஒரு பையனை அந்த வாரம்தான் பார்த்து, இருமல் மருந்து எழுதி, கன்னத்தைத் தட்டி அனுப்பியிருந்தேன்.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1980களின் கடைசியில் அரசு கிளினிக்குகளில் வருடாவருடம் போய் தடுப்பூசிப் பதிவுகளை எண்ணி, "உங்கள் கிளினிக்கில் ஊசி முழுசாகப் போட்ட குழந்தைகளின் அளவு இவ்வளவு, பக்கத்து கிளினிக்கில் அவ்வளவு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எண்ணிச் சொன்னதும் அதை ஒட்டி நடந்த வேலையுமாகச் சேர்ந்து, பாதிக்குச் சற்று மேலே இருந்த அளவு ஆறேழு வருடத்தில் தொண்ணூறை நெருங்கியது. பிறகு அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதையே நாடு முழுக்க ஏஃபிக்ஸ் என்ற பெயரில் எடுத்துப் போனது.

"அதான் அரசாங்கம் சர்வே எடுக்கிறதே" என்று கேட்கலாம். எடுக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுசாகப் போட்டவர்கள் 2015-16இல் 69.7 சதவீதம், 2019-21இல் 89.2 சதவீதம். மாநிலத்துக்கு அது உதவும், உங்கள் தெருவுக்கு உதவாது. அப்புறம் அந்தக் கணக்கில் அட்டை இல்லாவிட்டால் அம்மா சொல்வதையும் ஏற்றுக்கொள்வார்கள், ஒரு வயசுக்கு மேல் போட வேண்டிய ஊசிகள் அதில் வரவும் வராது. கிளினிக்கில் ஓட்டை விழுவது பெரும்பாலும் ஒரு வயசுக்குப் பிறகுதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு சிஸ்டர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தடுப்பூசி ரெஜிஸ்டரை ஓரமாக வையுங்கள்

எல்லோரும் செய்கிற முதல் தப்பு, தடுப்பூசி ரெஜிஸ்டரைத் திறந்து அதிலிருந்து எண்ண ஆரம்பிப்பது. அதில் இருப்பவர்கள் எல்லோரும் ஊசி போட்டவர்கள். ஊசியே போடாத குழந்தையின் பெயர் அதில் எப்படி வரும்? கல்யாண மண்டபத்துக்குள் நின்றுகொண்டு "யாரெல்லாம் வரவில்லை, கையைத் தூக்குங்கள்" என்று கேட்பது போலத்தான் அது.

ஓ.பி. ரெஜிஸ்டரிலிருந்து, அதாவது காய்ச்சலோ இருமலோ எதற்காகவாவது வந்த எல்லாக் குழந்தைகளிலிருந்தும் ஆரம்பியுங்கள். சாஃப்ட்வேர் வைத்திருந்தால் பிறந்த தேதியை வைத்துப் பட்டியல் எடுக்கலாம். கேஸ் ஷீட்டாக இருந்தால் கையால்தான், வேறு வழியில்லை.

எந்த வயசு? என்னைக் கேட்டால் எண்ணும் நாளன்று 24 முதல் 35 மாதம் வரை உள்ளவர்கள். இரண்டு வயசுக்குள் போட வேண்டிய எல்லா ஊசிக்கும் இந்தக் குழந்தைகளுக்கு முழு அவகாசம் கிடைத்துவிட்டது, அதனால் "இன்னும் நேரம் இருக்கே" என்ற பேச்சு வராது. உதாரணமாக 2025 ஜூலை 1ஆம் தேதியை எண்ணும் நாளாக வைத்தால், 2022 ஜூலை 2க்கும் 2023 ஜூலை 1க்கும் இடையில் பிறந்தவர்கள் எல்லோரும் பட்டியலில் வருவார்கள். இந்த நாளை முதலிலேயே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், பிறகு மாற்றக் கூடாது.

இப்போதுதான் தலைவலி ஆரம்பம். நம் ஊரில் ஒரே குழந்தைக்கு இரண்டு கேஸ் ஷீட் இருப்பது சர்வசாதாரணம். முதல் தடவை வரும்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், "பேபி ஆஃப் கவிதா" என்று எழுதியிருப்போம். மூன்று மாதம் கழித்து "தர்ஷன்" என்று புது ஷீட் போடுவோம், அதற்கப்புறம் நியூமராலஜி பார்த்து இன்னொரு எழுத்துச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். பெயரை வைத்துத் தேடினால் மூன்று குழந்தைகள், அதில் இரண்டு பேருக்குப் பாதி ஊசி. பிறந்த தேதியையும் போன் நம்பரையும் வைத்து வரிசைப்படுத்துங்கள், இரட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். நிஜமான இரட்டைக் குழந்தைகளை மட்டும் தெரியாமல் ஒன்றாக்கிவிடாதீர்கள், எங்களுக்கு அதுவும் நடந்தது.

அடுத்து, தாய்வீடு. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண், பிறந்ததும் போடும் ஊசி, 45 நாள் ஊசி, சில சமயம் 75 நாள் ஊசி வரை இங்கே போட்டுவிட்டு கணவர் ஊருக்குப் போய்விடுவார். அந்தக் குழந்தை உங்கள் குழந்தையா? அதே மாதிரி உங்கள் ஊர்ப் பெண் ஐந்தாம் மாதம் கைக்குழந்தையோடு திரும்பி வருவார், முதல் ஊசிகள் எங்கோ போட்டிருக்கும், அட்டையும் அங்கேயே இருக்கும். கோடை லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த இடத்தில் ஒரு தடவை காய்ச்சலுக்கு வந்த குழந்தையும் பட்டியலில் இருக்கும்.

இதற்கு ஒரு விதி வேண்டும், அது என்ன விதி என்பதைவிட எண்ணுவதற்கு முன்னாலேயே எழுதி வைத்ததா என்பதுதான் முக்கியம். நாங்கள் வைத்துக்கொண்டது: மொத்தத்தில் இரண்டு தடவையாவது வந்திருந்தால் நம் குழந்தை, ஒரே தடவை வந்துபோனால் இல்லை. ஊர் மாறிவிட்டார்கள், வேறு டாக்டரிடம் போகிறார்கள் என்று வீட்டில் யாராவது போனில் சொல்லியிருந்தால் மட்டுமே பட்டியலிலிருந்து எடுப்போம், அதுவும் யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று எழுதி. "ரொம்ப நாளா வரலியே, போயிருப்பாங்க" என்று நாமாக நினைத்து எடுக்கக் கூடாது. ரொம்ப நாளாக வராத குழந்தையைத்தானே தேடிக்கொண்டிருக்கிறோம்! போன் எடுக்காவிட்டால் வேறு வேறு நாளில் மூன்று தடவை முயன்று பாருங்கள், அப்போதும் கிடைக்காவிட்டால் பட்டியலிலேயே இருக்கட்டும்.

முழுசு என்றால் எது

இரண்டு அட்டவணைகள் நம் ஊரில் ஓடுகின்றன. அரசு அட்டவணை ஒன்று, இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் அட்டவணை ஒன்று. தனியார் கிளினிக்கில் டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ, சின்னம்மை, ஃப்ளூ என்று நீண்டுகொண்டே போகும், அதையெல்லாம் அளவுகோலாக வைத்தால் நீங்கள் எண்ணுவது தடுப்பூசியை அல்ல, அப்பாவின் சம்பளத்தை. அதனால் முதல் கணக்குக்கு அரசு அட்டவணையின் முதுகெலும்பை மட்டும் எடுங்கள்: காசநோய்க்கான பி.சி.ஜி. ஒன்று, ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டா மூன்று, போலியோ மூன்று, தட்டம்மை ரூபெல்லா (எம்.ஆர்.) இரண்டு, 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) பூஸ்டர் ஒன்று. பிறந்தவுடன் கொடுக்கும் போலியோ சொட்டு மருந்தை அந்த மூன்றில் சேர்க்க வேண்டாம், அது பூஜ்ஜியம் டோஸ்.

ஹெக்சா போட்ட குழந்தைக்கு பென்டாவும் ஊசி போலியோவும் அதற்குள்ளேயே வந்துவிட்டன, தனியாக "பென்டா இல்லை" என்று கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். தனியாரில் எம்.எம்.ஆர். (எம்.ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுவது) போட்டிருந்தால் அது எம்.ஆர். கணக்கில் சேரும். சங்க அட்டவணைப்படி இரண்டாவது எம்.எம்.ஆர். 15ஆம் மாதத்திலேயே போட்டிருப்போம், அதுவும் செல்லும், 16 மாதம் ஆகவில்லை என்று தள்ள வேண்டாம். வயிற்றுப்போக்குக்கான ரோட்டாவையும் நிமோனியா ஊசியையும் முதல் தடவை விட்டுவிடுங்கள். ரோட்டாவில் கம்பெனியைப் பொறுத்து இரண்டு டோஸோ மூன்று டோஸோ, நிமோனியா ஊசி அரசில் மூன்று, சங்க அட்டவணையில் நான்கு, இதை ஆரம்பத்திலேயே இழுத்துப் போட்டால் சிஸ்டர் வேலையை விட்டே போய்விடுவார். மூளைக்காய்ச்சல் ஊசி தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் மட்டும்தான், உங்கள் மாவட்டம் அதில் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

தேதி, தேதி, தேதி

எக்செலில் ஒரு குழந்தைக்கு ஒரு வரி. பெயர், அம்மா பெயர், போன், பிறந்த தேதி, அதற்கப்புறம் ஒவ்வொரு டோஸுக்கும் ஒரு கட்டம், கடைசியில் ஆதாரம் என்ன என்று ஒரு கட்டம். டோஸ் கட்டத்தில் "ஆம்" என்றோ டிக் என்றோ போடவே கூடாது, தேதிதான். தேதி இல்லாமல் நேரத்துக்குப் போட்டதா, சரியான இடைவெளியில் போட்டதா என்று பார்க்க முடியாது.

இதில் எக்செல் ஒரு வேலை காட்டும். கம்ப்யூட்டரில் அமெரிக்க முறை இருந்தால், நீங்கள் மார்ச் 5 என்று நினைத்து 05/03 என்று அடிப்பது மே 3 ஆகிவிடும், 25/03 என்று அடித்தால் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பாதி தேதி தப்பு, பாதி தேதி தேதியே இல்லை, ஆனால் பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆரம்பிக்கும் முன் அமைப்பை நாள், மாதம், வருடம் என்று மாற்றிவிட்டு, மாதத்தை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள், கண்ணுக்கு உடனே தெரியும். இரண்டாவது பிறந்தநாளைக் கண்டுபிடிக்க ஈடேட் (EDATE) என்ற ஃபார்முலாவில் 24 என்று கொடுத்தால் போதும், நாள்கணக்கில் 730ஐக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரே ஒரு அட்டையை முழுசாகப் பார்ப்போம், மற்றதெல்லாம் தானாக விளங்கும். விளக்குவதற்காக நான் எழுதிக்கொண்ட அட்டைதான், ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு கோணலும் நிஜ அட்டைகளில் நான் பார்த்தது.

குழந்தை பிறந்தது 2022 ஆகஸ்ட் 12. பி.சி.ஜி., சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை பி மூன்றும் மறுநாள் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியில். முதல் ஊசி செப்டம்பர் 26, சரியாக 45ஆம் நாள், நம் கிளினிக்கில் ஹெக்சா, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது அக்டோபர் 26, புதன்கிழமை, தீபாவளி முடிந்த இரண்டாம் நாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பென்டா, நர்ஸம்மா கையெழுத்தோடு. மூன்றாவது நவம்பர் 17, மறுபடி நம்மிடம். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று பார்த்தால், கேஸ் ஷீட்டின் ஓரத்தில் "ஊருக்குப் போகிறார்கள்" என்று என் கையெழுத்து.

அக்டோபர் 26க்கும் நவம்பர் 17க்கும் நடுவே 22 நாள். பென்டாவுக்கோ ஹெக்சாவுக்கோ இரண்டு டோஸுக்கு இடையில் குறைந்தது நான்கு வாரம், அதாவது 28 நாள் வேண்டும். அமெரிக்கக் கணக்கில் நான்கு நாள் வரை சலுகை உண்டு, 24 நாள் ஆகியிருந்தால்கூட ஏற்றுக்கொள்வார்கள், 22க்கு அதுவும் இல்லை. ஆக அந்த மூன்றாவது டோஸ் செல்லாது. தள்ளிப் போட்டால் தப்பில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதும் இல்லை. முந்திப் போட்டதுதான் கணக்கில் வராது. குழந்தைக்கு ஊசி குத்தி, அம்மாவிடம் காசு வாங்கி, ஸ்டிக்கரும் ஒட்டி, கடைசியில் அது இல்லாத ஊசி. நம் கையாலேயே செய்தது என்பதால் கொஞ்சம் உறுத்தும்.

அட்டையில் மேலே போனால், எம்.ஆர். முதல் டோஸ் 2023 மே 17, புதன்கிழமை, அரசில். மே 12இல் ஒன்பது மாதம் முடிந்துவிட்டது, சரி. அதே ஊசியை எட்டாம் மாதத்தில் போட்டிருந்தால் முதல் டோஸாக எண்ணக் கூடாது. இரண்டாவது, நவம்பர் 20, எம்.எம்.ஆர்., நம்மிடம், சரி. பூஸ்டர் கட்டத்தில் வெறும் டிக், தேதி இல்லை, ஸ்டிக்கர் இல்லை. இந்த இடத்தில்தான் ஓரமாக வைத்த தடுப்பூசி ரெஜிஸ்டரை எடுக்க வேண்டும். தேடினால் 2024 மார்ச் 5ஆம் தேதி வரியில் பெயர் கிடைக்கிறது, இரண்டு வயசுக்கு முன்னால்தான். ஆனாலும் இந்தக் குழந்தை முழுசு இல்லை. மூன்றாவது டோஸ் செல்லாததால் பூஸ்டர் மூன்றாவது இடத்துக்கு நகர்ந்து, நான்காவது பாக்கி நிற்கிறது. அட்டையை மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், பாருங்கள்.

ஆதாரக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ரெஜிஸ்டர், அட்டை, அட்டையின் போட்டோ, அரசின் ஆன்லைன் தடுப்பூசிப் பதிவான யூ-வின் இவை நான்கும் ஆதாரம். "போட்டாச்சு சார், எல்லாம் போட்டாச்சு" என்பது ஆதாரம் இல்லை. அம்மா பொய் சொல்வதில்லை, அவர் மனசில் போலியோ முகாமில் போட்ட சொட்டு மருந்தும் 'போட்டாச்சு'தான். இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருந்தால் அதை மட்டும் பார்த்ததாக எழுதிக்கொள்ளலாம், தேதி கிடைக்காது.

இனி கணக்கு

எண்கள் புரிவதற்காக ஒரு கற்பனைக் கிளினிக்கை வைத்துக்கொள்வோம். ஓ.பி. ரெஜிஸ்டரிலிருந்து 142 பெயர். இரட்டைப் பதிவு 11 போக 131. ஒரே தடவை வந்துபோனவர்கள் 24 போக 107. ஊர் மாறியதாகப் போனில் உறுதியானவர்கள் 9 போக 98. இந்த 98தான் சதவீதம் போடும்போது கீழே வரும் எண், அதாவது வகுக்கும் எண், இனி இதைத் தொடவே கூடாது.

98 பேரில் இரண்டாவது பிறந்தநாளுக்குள் பென்டா முதல் டோஸ் 96 பேருக்கு, மூன்றாவது 91 பேருக்கு. எம்.ஆர். முதல் டோஸ் 88, இரண்டாவது 71. அதே நாளுக்குள் எல்லாம் முடிந்தவர்கள் 67. ஆக அளவு 68 சதவீதம்.

இப்போது ஒரு விளையாட்டு. "ஒரு வருடமாக வராதவர்களை எடுத்துவிடலாமே" என்று யாரோ சொல்ல, 19 பேரை எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்த 19 பேரில் ஊசி முடிந்தவர்கள் மூன்றே பேர். மிச்சம் 79இல் 64, அதாவது 81 சதவீதம். ஒரு ஊசிகூடப் புதிதாகப் போடாமல் 68 எப்படி 81 ஆனது! கான்ஃபரன்சில் யாராவது தங்கள் கிளினிக் அளவைச் சொன்னால் நான் முதலில் கேட்பது "கீழே எத்தனை, யாரையெல்லாம் எடுத்தீர்கள்" என்பதைத்தான். நண்பர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள், அது வேறு விஷயம்.

68ஐ மட்டும் பார்த்து வருத்தப்பட்டால் பயன் இல்லை, பாக்கி 31 பேரைப் பிரிக்க வேண்டும். 9 பேர் இரண்டு வயசு தாண்டிய பிறகு போட்டுக்கொண்டார்கள், தாமதம். 8 பேர் போட்டதாகச் சொல்கிறார்கள், அட்டை கையில் இல்லை. 14 பேருக்கு நிச்சயமாகப் போடவில்லை, அல்லது போட்டது செல்லாது. மூன்றும் மூன்று வேறு வேலை. முதல் கும்பலுக்கு, ஊசி நாளுக்கு முன்னால் நினைவுபடுத்தும் மெசேஜ் போயிருந்தால் போதும். இரண்டாவது கும்பலிடம் இருப்பது ஊசிப் பிரச்சினை அல்ல, பதிவுப் பிரச்சினை, எட்டு போன் காலில் தீர்ந்துவிடும். அதுவரை அவர்களைப் 'போடவில்லை' பக்கமே வைத்து, அறிக்கையில் "குறைந்தது 68, எட்டு அட்டைகளும் சரியாக இருந்தால் 77" என்று எழுதுங்கள். மூன்றாவது கும்பலைப் பற்றித்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

எங்கே கழன்றுபோகிறார்கள் என்று பார்க்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. முதல் டோஸ் போட்டவர்களிலிருந்து கடைசி டோஸ் போட்டவர்களைக் கழித்து, முதல் டோஸ் எண்ணால் வகுக்க வேண்டும். பென்டாவில் 96இலிருந்து 91ஐக் கழித்தால் 5, அதை 96ஆல் வகுத்தால் சுமார் 5 சதவீதம். எம்.ஆரில் 88இலிருந்து 71 போக 17, வகுத்தால் 19 சதவீதம். ஆக இந்தக் கிளினிக்கில் கைக்குழந்தைகள் ஒழுங்காக வருகிறார்கள், ஒன்பதாம் மாத ஊசிக்கும் ஒன்றரை வயசு ஊசிக்கும் இடையில்தான் காணாமல் போகிறார்கள். குழந்தை நடக்க ஆரம்பித்துவிடும், அம்மா வேலைக்குத் திரும்பிவிடுவார், அடுத்த ஊசிக்கு ஆறேழு மாதம் இருக்கிறது என்று அட்டை பீரோவுக்குள் போய்விடும். தட்டம்மை ஊரில் பரவாமல் இருக்க சுமார் 95 சதவீதம் பேருக்கு இரண்டு டோஸும் வேண்டும் என்பதால் இந்த ஓட்டை சின்ன ஓட்டை இல்லை. பென்டா முதல் டோஸே போடாத இரண்டு பேர் இருக்கிறார்களே, அவர்களைத் தனியாக, பெயர் சொல்லித் தேடுங்கள். சதவீதத்தில் அவர்கள் இரண்டுதான், ஆனால் ஆபத்து முழுக்க அங்கே இருக்கிறது.

குழந்தைகள் நிறைய இருந்தால் எல்லோரையும் எண்ண வேண்டாம். 500 பேர் இருந்தால் பிறந்த தேதி வரிசையில் ஐந்துக்கு ஒருவராக நூறு பேரை எடுங்கள், முதல் ஐந்தில் யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்று சீட்டுக் குலுக்கி. ரேக்கில் மேலே இருக்கும் நூறு ஷீட்டை எடுத்தால் அடிக்கடி வருகிறவர்கள்தான் கிடைப்பார்கள். நூறு பேரில் 80 சதவீதம் என்று வந்தால், உண்மை எட்டு முன்னே பின்னே இருக்கலாம் என்பது நினைவில் இருக்கட்டும், 80 ஒரு வருடத்தில் 83 ஆனதற்குக் கேக் வெட்டிவிடாதீர்கள். அதேபோல் பட்டியலில் இருப்பதே பதினைந்து குழந்தை என்றால் சதவீதமே வேண்டாம், பெயர்களைப் படித்தால் போதும்.

அந்தப் பதினாலு பேரின் கேஸ் ஷீட்

என் பார்வையில் இந்த வேலையிலேயே மதிப்பான பகுதி இதுதான், பலர் சதவீதம் வந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். ஊசி போடாத ஒவ்வொரு குழந்தையின் கேஸ் ஷீட்டையும் எடுத்து, ஊசி நாள் கடந்த பிறகு எத்தனை தடவை நம்மிடம் வந்தது என்று எண்ணுங்கள். வந்து, பார்த்து, ஊசி போடாமல் அனுப்பிய ஒவ்வொரு தடவையும் நழுவவிட்ட வாய்ப்பு. ஏன் போடவில்லை என்று ஷீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இருந்தால் "சளி, அடுத்த வாரம்" என்று இருக்கும்.

லேசான சளி, லேசான காய்ச்சல், சாதாரண வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருப்பது இதெல்லாம் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. முந்தின டோஸுக்குக் கடுமையான அலர்ஜி வந்திருந்தால், குழந்தை அட்மிட் பண்ணும் அளவுக்கு நோயாக இருந்தால், எதிர்ப்புச் சக்தி மிக மோசமாக இருந்து போட வேண்டியது உயிருள்ள கிருமி ஊசியாக இருந்தால், அப்போது நிறுத்தலாம். "ஏற்கெனவே சளி, இதுல ஊசி வேற போட்டு காய்ச்சல் வந்தா யாரு பாக்கறது" என்று மாமியார் வெளியே உட்கார்ந்துகொண்டு சொல்வார், அம்மா அதை உள்ளே வந்து நம்மிடம் சொல்வார், ஓ.பி.யில் நாற்பது பேர் காத்திருக்கும்போது நாமும் "சரிம்மா, அடுத்த வாரம் வாங்க" என்றுவிடுவோம். அந்த அடுத்த வாரம் வரவே வராது. பழியை மாமியார் மேல் போடுவது சுலபம், ஆனால் ஷீட்டில் இருப்பது நம் கையெழுத்து.

இதற்கு நாங்கள் செய்த ஒரே மாற்றம், எடை பார்க்கும் இடத்திலேயே சிஸ்டர் அட்டையைக் கேட்பது. காய்ச்சலுக்கு வந்தாலும் சொறிக்கு வந்தாலும் அட்டை. ஊசி பாக்கி இருந்தால் கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம், அது என் மேஜைக்கு வரும்போது நான் போடச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத வேண்டும். எழுதச் சோம்பல்பட்டே பல ஊசிகளைப் போட்டுவிட்டேன் என்பது உண்மை.

போன் பண்ணும் வேலையைச் சிஸ்டரிடமே விடுங்கள், டாக்டர் பண்ணினால் வீட்டில் பயந்துவிடுவார்கள். "ஏன் போடலை" என்று ஆரம்பிக்கக் கூடாது. "பாப்பா எப்படி இருக்கா, அட்டை பக்கத்துல இருக்கா அக்கா, ஒரு போட்டோ எடுத்து அனுப்பறீங்களா" என்று கேட்டாலே பாதி விஷயம் முடிந்துவிடும். அரசில் போட்டுக்கொள்கிறோம் என்றால் தாராளமாக, புதன்கிழமை போய் இலவசமாகப் போட்டுக்கொள்ளட்டும், முடிந்ததும் அட்டையின் போட்டோ வந்தால் போதும். நம்மிடம்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் இந்த வேலையே வியாபாரமாகத் தெரியும், அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். இன்னொன்று, பெயரும் போன் நம்பரும் உள்ள அந்தப் பட்டியலை ஸ்டாஃப் வாட்ஸாப் குரூப்பில் போடாதீர்கள். பாஸ்வேர்டு போட்டு ஒரே கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள், அதே விதிகளோடு. 2026 ஜனவரி 1 என்றால் 2023 ஜனவரி 2 முதல் 2024 ஜனவரி 1 வரை பிறந்தவர்கள். எண் பெரிதாக ஏறவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் ஏறத்தாழ பாதிப்பேர் போன தடவை எண்ணிய அதே குழந்தைகள், அவர்களின் இரண்டாவது பிறந்தநாள் முன்பே முடிந்துவிட்டது, இனி ஊசி போட்டாலும் "இரண்டு வயசுக்குள்" என்ற கட்டத்தில் அவர்கள் நுழைய முடியாது. சிவப்பு வட்டமும் போன் காலும் என்ன செய்தன என்பது 2026 ஜூலைப் பட்டியலில்தான் முழுசாகத் தெரியும், அதில் இருப்பவர்கள் எல்லோரும் நீங்கள் முதன்முதலில் எண்ண உட்கார்ந்தபோது இரண்டு வயசு ஆகாதவர்கள்.